வெறுந்தொண்டை

ஐந்து வேளையும் ஊரைக் கூப்பிடுகிறவன்
நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டி நிற்பான் என்று
யார் நம்புவார்?

பாங்கு சொல்லும்போது எனக்கு முன்னால் ஒரு சுவர்.
சுண்ணாம்பு உரிந்த இடம், கடிகாரம்,
அதன் பின்னால் குடியிருக்கும் பல்லி.
சுட்டுவிரல் இரண்டும் காதில்.
என் குரலே எனக்குப் பாதிதான் கேட்கும்.
முதுகுக்குப் பின்னால் யார் வந்தார், யார் வரவில்லை,
அது என் கணக்கு இல்லை.
சொற்களும் என்னுடையவை இல்லை.
இருபத்தாறு வருடமாக இப்படித்தான்
இந்தத் தாராவிச் சந்துக்குள்
தைரியசாலி போல வாழ்ந்துவிட்டேன்.

விடியலில் ஒலிபெருக்கி கூடாது என்று ஆன பிறகு
சுபுஹுக்கு வெறுந்தொண்டைதான்.
தையல் மிஷின்கள் தூங்கும் வரிசையைத் தாண்டி
தோல் மூட்டைகளைத் தாண்டி
சுடலைமுத்து டீக்கடை வரைக்கும் எட்டும்.
அதற்கு மேல் போகாது.
"உம்ம சத்தத்துக்குத்தாம் வே அடுப்பு பத்த வைக்கேன்"
என்பான், சில்லறை எண்ணிக்கொண்டே.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்.
மகன் போய்ப் பாங்கு சொன்னான்.
ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.
தூக்குச்சட்டியோடு சுடலைமுத்து.
"இன்னைக்குக் கொரல் வேற மாதிரி இருந்துச்சே,
என்னவே செய்யுது ஒடம்புக்கு?"

போன செவ்வாய்க்கிழமை அவன் போனான்.
சயான் ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணி.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம்.
மாநகராட்சிப் பள்ளி ஹால், சுவரில் மராத்தி வாய்ப்பாடு.
படத்தில் அவனுக்கு
போட்டோ கடைக்காரன் ஒரு கோட்டு மாட்டியிருந்தான்.
உயிரோடு இருந்தால் அவனே சிரித்திருப்பான்.
"அடுத்து மோதினார் மைதீன் பிச்சை அவர்கள்
ரெண்டு வார்த்தை பேசுவார்கள்."

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மைக் உயரமாக இருந்தது.
ஒரு பையன் வந்து திருகி இறக்கினான். அது கிறீச்சிட்டது.
இருநூறு முகம்.
நாலாம் வகுப்பில், கொடியேற்றும் நாளில்,
பாதி வரியில் மறந்துபோய்
கால்சட்டை நனைந்து நின்றவன்
எனக்குள் எழுந்து நின்றான்.
முதல் வரிசையில் இசக்கியம்மாள்
அழுகையை நிறுத்திவிட்டு
என் வாயையே பார்த்தாள்.

கை தானாகக் காதுக்குப் போனது.
அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

காது அடைத்ததும் ஹால் தூரமாகிவிட்டது.
தினமும் ஊருக்குச் சொல்லியும்
எனக்கென்று ஒரு முறைகூடக் கேட்டிராத அந்த முதல் சொல்
உள்ளே மெதுவாக வந்தது.
அவன் பெரியவன்.
அப்படியென்றால் இந்த இருநூறு பேரும் பெரியவர்கள் இல்லை.
நானும் இல்லை.
இவ்வளவு நேரமாக நடுங்கியது
நான் பெரிதாக்கி வைத்திருந்த நான்தான்.

யா அல்லாஹ்,
இப்போது சொல்லப்போவது உன் வார்த்தை இல்லை, என் வார்த்தை.
கோணலாகத்தான் வரும்.
கொஞ்சம் பிடித்துக்கொள்.

விரலை எடுத்தேன்.
சுவர் இல்லை.

"எங்க சுபுஹு ஜமாஅத்துல ஏழு பேரு.
எட்டாவது ஆளு பள்ளிக்குள்ள வந்ததே இல்ல.
மொனங்கைல நின்னு பால் காச்சிக்கிட்டிருப்பாரு.
எது என் கொரலு, எது என் மகன் கொரலுன்னு
இந்தத் தாராவியில தெரிஞ்ச ஒரே மனுசன்.
இனிமே நான் யாரு வரைக்கும் கூப்பிட?
அவ்வளவுதான்."

நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.
கைதட்டலாமா கூடாதா என்று கூட்டம் குழம்பியது.
யாரோ மூக்கைச் சிந்தினார்.
நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான்
முழங்கால் ஆட ஆரம்பித்தது.
பக்கத்து ஆள் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.
மூடியைத் திறக்கத் தெம்பில்லை.
அவரே திறந்து கொடுத்தார்.

மறுநாள் விடியல். அதே சுவர், அதே பல்லி.
விரலைக் காதில் வைப்பதற்கு முன்
ஒரு தடவை
திரும்பிப் பார்த்தேன்.